3:31இல் நின்றுபோன மாரத்தான்: வேகத்தைக் கூட்டவா, தூரத்தைக் கூட்டவா?

நேப்பியர்பாலம் (சென்னை) எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மும்பை ஓட்டம் முடிந்து கால்வலி போய்விட்டது, மனவலி மட்டும் பாக்கி. ஃபுல் மாரத்தான் (42.2 கி.மீ.) நேரம் 3:31, அதாவது மூன்று மணி 31 நிமிடம். போன வருஷம் சென்னையில் 3:33. அதற்கு முன்னால் டெல்லியில் 3:31. நாலரை மணி நேரத்தில் தொடங்கியவன் நான். நாலுக்கு வந்தது, மூன்றே முக்காலுக்கு வந்தது, எல்லாம் மளமளவென்று. மூன்றரை வந்ததும் அப்படியே நின்றுவிட்டது.

நீங்கள் கேட்பதற்கு முன்பே விவரத்தைச் சொல்லிவிடுகிறேன். வயது 46, எடை 65 கிலோ. 10 கி.மீ. 43 நிமிடம், ஹாஃப் (21.1 கி.மீ.) 1:35. வாரத்துக்கு 50 கி.மீ. அளவில் ஓடுகிறேன். செவ்வாய் குழுவோடு டிராக்கில் இன்டர்வல் (விட்டுவிட்டு வேகமாக ஓடுவது), வியாழன் டெம்போ (நிற்காமல் ஒரே சீராக வேகமாக ஓடுவது), ஞாயிறு ஈசிஆரில் 28 முதல் 32 கி.மீ. வரை, நடுவில் ஒரு நாள் சின்னதாக ஒரு ஈஸி ரன். ஈஸி என்றால் 5:15 பேஸ், அதாவது ஒரு கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 15 விநாடி. மும்பையில் முதல் பாதி 1:40, இரண்டாம் பாதி 1:51. பெடர் ரோடு ஏற்றம் வரும்போது வெயிலும் ஏறிவிட்டது, காலும் போய்விட்டது.

ஆசை அமெரிக்காவின் பாஸ்டன் மாரத்தான். அதற்கு வயதுக்கேற்ற தகுதி நேரம் வேண்டும். 45–49 வயது ஆண்களுக்கு 2026 ஓட்டத்திலிருந்து தகுதி நேரம் 3:15. முன்பு 3:20 இருந்தது, குறைத்துவிட்டார்கள். அதை எட்டினாலும் இடம் உறுதியில்லை. 2026க்கு விண்ணப்பித்தவர்களில் தகுதி நேரத்தைவிட 4 நிமிடம் 34 விநாடி வேகமாக ஓடியவர்களுக்குத்தான் இடம் கிடைத்தது. 2025க்கு அந்த இடைவெளி 6:51. ஆக, எனக்கு வேண்டியது 3:10. கிலோமீட்டருக்கு 4:30. இப்போது ஓடுவது 5:00.

இன்டர்வலை வாரம் இரண்டாக்கலாமா என்று யோசிக்கிறேன். கார்பன் தகடு வைத்த ஷூ வாங்கு என்கிறான் ஒரு நண்பன். நாலு கிலோ குறை என்கிறான் இன்னொருவன். உங்கள் கருத்து?


ஈசிஆர்_காலை (சென்னை) எழுதியது:

ஷூவைத் தள்ளிப்போடாதீர்கள் பாஸ். 2017இல் அந்தப் புது வகைக் கார்பன் தகட்டு ஷூ வந்தபோது ஆய்வகத்தில் அளந்து பார்த்து, ஆற்றல் செலவு சராசரியாக 4 சதவீதம் குறைகிறது என்று சொன்னார்கள். இன்று முன்வரிசையில் ஓடுகிற யார் காலிலும் அதுதான் இருக்கிறது. உங்களுக்கு மட்டும் என்ன விரதம்?

அப்புறம் வேகம் வேண்டுமென்றால் வேகமாகத்தான் ஓடிப் பழகவேண்டும். 800 மீட்டரைப் பத்து தடவை ஓடுங்கள், வாரா வாரம்.


கோவைக்காற்று (கோயம்புத்தூர்) எழுதியது:

ஷூ பற்றி ஒரு வரி. ஆற்றலில் 4 சதவீதம் மிச்சமானால் நேரத்தில் 4 சதவீதம் குறையும் என்று அர்த்தமில்லை, அதைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும். ஆளுக்கு ஆள் மாறவும் செய்யும். வாங்குங்கள், ஓட்டத்துக்கு மட்டும் போடுங்கள். ஆனால் 21 நிமிடத்தை எந்த ஷூவும் தராது.

இப்போது நேப்பியர் சாரின் எண்களைப் பார்ப்போம். அவர் கொடுத்த விவரத்திலேயே பதில் இருக்கிறது.

10 கி.மீ. 43 நிமிடம் ஓடுகிறவருக்குப் பொருத்தமான ஹாஃப் நேரம் சுமார் 1:35. அவர் ஓடியதும் 1:35. ஆக, பத்திலிருந்து இருபத்தொன்றுக்குப் போகும்போது அவரிடம் எந்தக் குறையும் இல்லை. ஹாஃப் 1:35 என்றால் ஃபுல் 3:18 வரவேண்டும். பீட் ரீகல் என்ற அமெரிக்கப் பொறியாளர் போட்ட பழைய கணக்கு இது. தூரம் இரட்டிப்பானால் நேரம் 2.085 மடங்கு ஆகும். வந்தது 3:31. 13 நிமிடம் எங்கேயோ விழுந்திருக்கிறது. 1:40, 1:51 என்ற இரண்டு பாதிகளையும் பார்த்தால் எங்கே விழுந்தது என்பதும் தெரியும்.

அந்தக் கணக்கு நிறைய தூரம் ஓடிப் பழகியவர்களுக்குத்தான் சரியாக வரும். வாரம் 50 ஓடுகிறவர்களுக்கு ஹாஃப் வரை பொருந்தும், ஃபுல்லில் காலை வாரும். ஆகவே சார், உங்களுக்கு வேகப் பற்றாக்குறை இல்லை. 43 நிமிடத்தில் பத்து ஓடுகிற வேகம் 3:18க்குப் போதும். இருக்கிற வேகத்தை மூன்று மணி நேரம் தாங்கிப் பிடிக்கும் உடம்புதான் இல்லை. இன்டர்வலை இரண்டாக்கினால் 10 கி.மீ. 42 ஆகும், ஃபுல் 3:30 ஆகும். அவ்வளவுதான்.

இரண்டாவது விஷயம் உங்கள் ஈஸி ரன். மாரத்தானை 5:00இல் ஓடுகிறவர் ஈஸி ரன்னை 5:15இல் ஓடினால் அது ஈஸியும் இல்லை, பயிற்சியும் இல்லை. ஓடும்போது பக்கத்தில் இருப்பவரிடம் வீட்டுக்கதையை மூச்சு வாங்காமல் சொல்ல முடிகிறதா? முடியாவிட்டால் வேகம் அதிகம். உங்களுக்கு அது 6:00இலிருந்து 6:20க்குள் இருக்கவேண்டும். ஸ்டீஃபன் சைலர் என்ற உடலியல் ஆய்வாளர், உச்சத்தில் இருக்கும் வீரர்களின் பயிற்சிப் பதிவுகளை அலசிவிட்டு, அவர்கள் பத்தில் எட்டுப் பங்கு பயிற்சியை மெதுவாகவே செய்கிறார்கள் என்றார். நம்மூர் அமெச்சூர்கள் அதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். எட்டுப் பங்கு நடுத்தர வேகம், எல்லா நாளும் கொஞ்சம் களைப்பு.

மெதுவாக ஓடும்போது தசைக்குள் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகும், கொழுப்பை எரிக்கும் பழக்கம் வரும். 30ஆவது கிலோமீட்டரில் கிளைகோஜன் (தசையில் சேர்ந்திருக்கும் மாவுச்சத்து) காலியாகாமல் காப்பாற்றுவது அதுதான். அதற்கு மாதக்கணக்கில் தூரம் வேண்டும், குறுக்குவழி கிடையாது.

மூன்றாவது, 50இல் 30 ஒரே நாளில். வாரத்தின் பாதிக்கு மேல் ஞாயிற்றுக்கிழமை தலையில் விழுகிறது. அதில் உடம்பு அடிவாங்குகிறது, வளரவில்லை. வாரம் 75, 80க்குக் கொண்டுவாருங்கள். அப்போது அதே 30 கி.மீ. உங்களுக்குச் சுமையாக இருக்காது.

எடையைத் தொடவேண்டாம். 65 கிலோ சரியாகத்தான் இருக்கிறது. தூரத்தைக் கூட்டிக்கொண்டே சாப்பாட்டைக் குறைத்தால் எலும்பில் கீறல் விழும்.


நேப்பியர்பாலம் எழுதியது:

கோவைக்காற்று சார், வாதாட வழியில்லை. ஆனால் நேரக் கணக்கு இடிக்கிறது. 50 கி.மீ. இப்போதைய வேகத்தில் நாலரை மணி நேரம். 80 கி.மீ.யை நீங்கள் சொல்கிற மெதுவில் ஓடினால் எட்டு மணி நேரம். அலுவலகம் ஒன்பதரைக்கு. பையன் பத்தாம் வகுப்பு. வீட்டில் ஏற்கெனவே "ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இருக்கிறீர்களா இல்லையா" என்று கேட்கிறார்கள்.

இன்னொன்று, எங்கள் குழுவில் 6:20 பேஸில் ஓடினால் மானம் போகும். ஓட்டத்தைப் பதிவிடும் ஸ்ட்ராவா செயலியில் ஏறியதும் "என்ன சார், உடம்பு சரியில்லையா" என்று கீழே வந்துவிடுவார்கள்.


ராகிக்களி (தர்மபுரி) எழுதியது:

நான் கொஞ்சம் குறுக்கே பேசுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

46 வயது. மேடை கிடையாது, பரிசுப் பணம் கிடையாது. முன்னால் ஓடும் ஆப்பிரிக்கர்கள் நாம் ஹாஃபைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போவதற்குள் முடித்துவிட்டுக் குளித்துக்கொண்டிருப்பார்கள். கெல்வின் கிப்டம் 2023இல் சிகாகோவில் 2:00:35 ஓடினார். உங்கள் 3:31க்கும் 3:10க்கும் இடையில் உள்ள வித்தியாசம் உலகத்தில் உங்களைத் தவிர யாருக்குத் தெரியும்? அதற்காக வீட்டாரின் ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொள்வது நியாயமா?

நானும் தினமும் ஓடுகிறேன். வாட்ச் இல்லை. ஏரிக்கரை வரை போய் வருவேன். மூச்சு நன்றாக இருக்கிறது, சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. இதில் எங்கே குறைந்துபோனேன்?

எண்ணைத் துரத்த ஆரம்பித்தால் எங்கே போய் முடியும் என்பதற்கு மெக்சிகோ நகர மாரத்தானைப் பாருங்கள். 2017இல் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தகுதிநீக்கம் செய்தார்கள். குறுக்குவழியில் புகுந்து வந்தவர்கள், நடுவில் வண்டி ஏறியவர்கள். எல்லோரும் நம்மைப் போன்ற அமெச்சூர்கள்தான். ஒரு மெடலுக்கும் ஒரு போட்டோவுக்கும்.


நேப்பியர்பாலம் எழுதியது:

ராகிக்களி அண்ணே, நியாயமான கேள்வி. குறைந்துபோனீர்கள் என்று யார் சொன்னது? உங்களுக்கு ஏரிக்கரை போதும். எனக்குப் போதவில்லை, அதுதான் வித்தியாசம்.

மெக்சிகோவில் புகுந்து வந்தவர்களுக்கு வேண்டியது எண் மட்டும். எனக்கு வேண்டியது அந்த எண்ணை ஓடக்கூடிய உடம்பு. யாராவது 3:09 என்று சான்றிதழ் அடித்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்ள மாட்டேன். பகல் முழுக்க நான் பார்க்கும் வேலையில் இந்த வருஷம் நன்றாகச் செய்தேனா என்று யாரும் சொல்ல முடியாது. மேலாளர் சொல்வார், அதை நானே நம்பமாட்டேன். ஓட்டத்தில் மட்டும் யாரையும் கேட்கவேண்டியதில்லை.

வீட்டு விஷயத்தில் நீங்கள் சொன்னது உறைத்தது. அதற்கு வழி தேடுகிறேன்.


மதுரைக்காரி (மதுரை) எழுதியது:

அண்ணா, நேரம் இல்லை என்று சொல்லும் ஆண்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும், மன்னித்துக்கொள்ளுங்கள். கூட்டுக் குடும்பம், வங்கி வேலை, இரண்டு பிள்ளைகள். 3:52இலிருந்து 3:41க்கு வந்திருக்கிறேன். என் வயதுக்கு (40–44) தகுதி நேரம் 3:35.

எங்கள் வீட்டில் இரவு பத்தரை வரை டிவி ஓடும், அதற்குப் பிறகுதான் சாப்பாடு. இந்த லட்சணத்தில் நாலரைக்கு எழுந்தால் எந்தப் பயிற்சியும் ஏறாது. நான் ஏழு மணிக்கே சாப்பிட்டு ஒன்பதரைக்குப் படுக்க ஆரம்பித்தேன். மாமியார் ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். இப்போது அவரும் ஏழு மணிக்குச் சாப்பிடுகிறார், வாயுத்தொல்லை போய்விட்டதாம். ஓடும் நேரத்தைத் தேடுவதற்கு முன்னால் தூங்கும் நேரத்தைத் தேடுங்கள்.

தெருவில் தனியாக இருட்டில் ஓடுவது உங்களுக்கு எளிது, எங்களுக்கு இல்லை. நாய்கூடப் பரவாயில்லை, பைக்கில் பின்தொடர்கிறவன்தான் தொல்லை. அதனால் வார நாட்களில் எனக்கு ரேஸ்கோர்ஸ் மைதானம்தான். 400 மீட்டர் வட்டத்தில் 12 கி.மீ. என்றால் 30 சுற்று. எப்போதும் ஒரே பக்கம் திரும்பிக்கொண்டிருந்தால் உள்பக்கக் காலின் இடுப்புப் பக்கம் வலி வந்துவிடும். கூட்டம் இல்லாத நேரம் பார்த்துப் பாதி வழியில் திசை மாற்றிக்கொள்வேன்.

பெண்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்று சொல்ல வேண்டும். பயிற்சி எல்லாம் சரியாக இருந்தும் மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கினால் ஹீமோகுளோபினை மட்டும் பார்க்காதீர்கள், ஃபெரிட்டினையும் (உடம்பில் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் அளவு) பாருங்கள். எனக்கு ஹீமோகுளோபின் 12 இருந்தது, "நார்மல்" என்று சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஃபெரிட்டின் 11. ஓடுகிறவர்களுக்கு 30க்குக் கீழே போனாலே விளையாட்டு மருத்துவர்கள் கவனிக்கச் சொல்கிறார்கள். மருத்துவர் சொன்னபடி இரும்பு மாத்திரை எடுத்து, சாப்பாட்டோடு காபி குடிப்பதை நிறுத்தினேன். சில மாதத்தில் அதே பேஸில் இதயத்துடிப்பு நன்றாக இறங்கியது. அந்த 11 நிமிடத்தில் பாதி அதில் வந்தது என்றுதான் நினைக்கிறேன்.


சிங்கைவாசி (சிங்கப்பூர்) எழுதியது:

யாரும் வெயிலைப் பற்றிப் பேசவில்லையே. நேப்பியர், நீங்கள் பயிற்சி செய்வது சென்னையில், ஓடியது மும்பையில். இரண்டும் கடற்கரை ஊர். சென்னையில் ஜனவரி விடியற்காலை 22 டிகிரி என்றாலும் ஈரப்பதம் 85க்கு மேல். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். இந்த ஈரப்பதத்தில் அது ஆவியாகாமல் சொட்டுகிறது. உடம்பு சூட்டை வெளியேற்ற இரத்தத்தைத் தோலுக்கு அனுப்புகிறது, காலுக்குப் போவது குறைகிறது. அதே பேஸுக்குத் துடிப்பு ஏறிக்கொண்டே போகிறது. பெடர் ரோட்டில் போனது உங்கள் கால் மட்டுமில்லை.

இங்கே வருஷம் முழுக்க விடியற்காலை 26 டிகிரி. டிசம்பரில் நடக்கும் சிங்கப்பூர் மாரத்தானில் சொந்தச் சாதனை படைத்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். அதனால் இங்கே பலரும் ஜூலையில் கோல்ட்கோஸ்ட் போவார்கள். ஆஸ்திரேலியாவில் அப்போது குளிர்காலம், கடலோரம் சமதளப் பாதை. நானும் போனேன். பயிற்சியில் ஒன்றையும் மாற்றாமல் 12 நிமிடம் குறைந்தது.

வெயிலில் பயிற்சி செய்வது வீண் இல்லை. இரண்டு வாரம் தொடர்ந்து சூட்டில் ஓடினால் இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், வியர்வை சீக்கிரம் வரும், அதில் உப்பு குறையும். அந்த உடம்போடு குளிர்ந்த ஊருக்குப் போனால் லாபம். ஆகவே ஓடும் ஊரைத் தேர்ந்தெடுப்பதும் பயிற்சியில் ஒரு பகுதிதான். பிப்ரவரி டெல்லி, பாதை சமம், காலை குளிர். காற்று மட்டும் அன்றைக்கு நன்றாக இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்ளுங்கள்.


ராகிக்களி எழுதியது:

ஆக, உடம்பு அதேதான், விமான டிக்கெட்தான் வேறு. 12 நிமிட "முன்னேற்றம்". இதைத்தான் கேட்டேன்.


சிங்கைவாசி எழுதியது:

குத்தல் புரிகிறது. பாஸ்டன்காரர்கள் வெயிலுக்குத் தள்ளுபடி தருவதில்லையே ஐயா. கட்டம் அவர்கள் போட்டது, காய் நகர்த்துவது மட்டும் நம் கையில்.


ஈசிஆர்_காலை எழுதியது:

இன்னொரு அநியாயத்தையும் சொல்கிறேன். போன ஓட்டத்தில் என் வாட்ச் 42.7 காட்டியது. அரை கிலோமீட்டர் கூடுதலாக ஓடவைத்திருக்கிறார்கள். 5:10 பேஸில் இரண்டரை நிமிடம் போச்சு. அதைக் கழித்தால் நான் 3:40க்குக் கீழே.


கோவைக்காற்று எழுதியது:

கழிக்க முடியாது தம்பி. பாதையை அளப்பது வாட்சை வைத்து அல்ல. ஒரு சைக்கிளின் முன்சக்கரத்தில் சுற்றுகளை எண்ணும் கருவி ஒன்றைப் பொருத்தி, அதை முதலில் இரும்பு நாடாவால் அளந்த தூரத்தில் ஓட்டிச் சரிபார்த்து, அப்புறம் பாதை முழுவதையும் அந்தச் சைக்கிளில் அளப்பார்கள். வளைவுகளில் ஓரத்திலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி, சாத்தியமான மிகக் குறுகிய கோட்டில். தூரம் தப்பித்தவறியும் குறைந்துவிடக் கூடாது என்று ஆயிரத்தில் ஒரு பங்கு சேர்த்துவைப்பதும் உண்டு, அதாவது 42 மீட்டர்.

நீங்கள் அந்தக் குறுகிய கோட்டில் ஓடவில்லை. தண்ணீர் மேசைக்கு இடப்பக்கம் போனீர்கள், ஆளைத் தாண்ட வலப்பக்கம் போனீர்கள், வளைவில் வெளிச்சுற்றில் போனீர்கள். மீதிப் பிழை ஜிபிஎஸ்ஸின் கைங்கரியம், உயரமான கட்டடங்களுக்கு நடுவில் அது தடுமாறும். ஆனால் இதில் ஒரு பயன் உண்டு. தூரத்தில் எந்த வளைவு வருகிறது என்று பார்த்து முன்கூட்டியே அந்தப் பக்கம் நகர்ந்தால் 200 மீட்டர் மிச்சம். பைசா செலவில்லாமல் ஒரு நிமிடம்.

இன்னொன்று. வாட்ச் 4:30 காட்டுகிறது என்று நம்பி ஓடினால் உண்மையில் 4:33 ஓடிக்கொண்டிருப்பீர்கள். கிலோமீட்டர் பலகையில் நேரத்தைப் பாருங்கள், மணிக்கட்டில் பேஸைப் பார்க்காதீர்கள்.


பழையசோறு (தஞ்சாவூர்) எழுதியது:

இத்தனை பேர் பேசியும் சாப்பாட்டைத் தொடவில்லை. நேப்பியர் சார், மும்பையில் ஓடும்போது என்ன சாப்பிட்டீர்கள்?


நேப்பியர்பாலம் எழுதியது:

ஒரு ஜெல் (ஓடும்போது விழுங்கும் மாவுச்சத்துக் கூழ்) 15ஆவது கிலோமீட்டரில், ஒன்று 28இல். அப்புறம் வழியில் கொடுத்த ஆரஞ்சு. முந்தைய நாள் ராத்திரி பாஸ்தா.


பழையசோறு எழுதியது:

ஒரு ஜெல்லில் 25 கிராம் மாவுச்சத்து என்று வைத்தாலும் மூன்றரை மணி நேரத்துக்கு 50 கிராம். மணிக்கு 15 கிராம்கூட வரவில்லை. மணிக்கு 60 கிராம் என்பது இப்போது சாதாரணமாகச் சொல்லும் அளவு. குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் கலந்து எடுத்துக் குடலைப் பழக்கியவர்கள் 90 வரை போகிறார்கள். கோவைக்காற்று சொன்ன 13 நிமிடத்தில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்பேன்.

வயிறு தாங்காது என்பீர்கள். பழக்காத வயிறு தாங்காதுதான். ஞாயிறு நீண்ட ஓட்டத்தில் பழக்குங்கள். ஜெல் ஒன்றுக்கு நூறு ரூபாய்க்கு மேல் ஆகிறது, பயிற்சிக்கெல்லாம் கட்டுப்படியாகாது. நான் பானகம் எடுத்துப் போகிறேன். 60 கிராம் வெல்லம், அரை லிட்டர் தண்ணீர், இரண்டு சிட்டிகை உப்பு, துளி சுக்கு, எலுமிச்சை கொஞ்சம். துணியில் இரண்டு முறை வடிகட்டவேண்டும், இல்லாவிட்டால் பாட்டில் மூக்கில் சுக்குத்தூள் அடைத்துக்கொண்டு நடுரோட்டில் நின்று உதறவேண்டி வரும். அந்த வெல்லத்தில் 50 கிராம் அளவில் சர்க்கரை கிடைக்கும். சர்க்கரை என்பதே பாதி குளுக்கோஸ், பாதி ஃபிரக்டோஸ். விலை உயர்ந்த ஜெல்காரர்கள் விளம்பரம் செய்யும் கலவைக்குக் கிட்டத்தட்ட அதே கணக்கு. சித்திரை வெயிலில் கோயில் வாசலில் இதைக் கொடுக்கத் தொடங்கியவருக்கு விவரம் தெரிந்திருக்கிறது.

இளநீரைப் பற்றி: நல்லதுதான், ஆனால் ஓட்டத்தில் அதை மட்டும் நம்பாதீர்கள். அதில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. வியர்வையில் போவது பெரும்பாலும் சோடியம். ஓடி வந்ததும் உப்புப் போட்ட நீர்மோர் குடியுங்கள், இளநீரை அப்புறம் ரசித்துக் குடிக்கலாம்.

முந்தைய ராத்திரிப் பாஸ்தா வேண்டவே வேண்டாம். மாவுச்சத்தை ஏற்றுவது ஒரு வேளை விருந்தல்ல. கடைசி ஒன்றரை, இரண்டு நாள், எடையில் கிலோவுக்கு 10 கிராம் அளவில். உங்களுக்கு ஒரு நாளைக்கு 650 கிராம். வெறும் சோற்றில் அதை எடுக்கவேண்டுமானால் இரண்டே கால் கிலோ சோறு! யாராலும் முடியாது. ஆகவே ரசம் சாதம், இட்லி, வாழைப்பழம், பழச்சாறு, கொஞ்சம் அல்வா என்று பிரித்துக்கொள்ளவேண்டும். பருப்பு, கீரை, பொரியலுக்கு அந்த இரண்டு நாள் விடுமுறை. எடை ஒரு கிலோ ஏறும், பயப்படாதீர்கள். ஒரு கிராம் கிளைகோஜன் சேரும்போது மூன்று கிராம் நீரும் சேர்கிறது.


நேப்பியர்பாலம் எழுதியது:

ஓட்டத்துக்கு முந்தைய நாள் அல்வா என்று மருத்துவக் காரணம் காட்டலாம் என்றால் இந்த இழை ஆரம்பித்தது வீண்போகவில்லை.

சரி, இதுவரை முடிவு செய்தது இது. மூன்று கடினமான நாள் இரண்டாகிறது: செவ்வாய், ஞாயிறு. புதன், வெள்ளி காலை வீட்டைச் சுற்றியே மெதுவாக 12, 12. அலுவலகம் எட்டு கிலோமீட்டர்தான். வியாழன் மாலை பையை வண்டியில் வரும் நண்பரிடம் கொடுத்துவிட்டு ஓடியே வீடு திரும்பப் போகிறேன். போக்குவரத்து நெரிசலில் எப்படியும் முக்கால் மணி நேரம் ஆகிறது, ஓடினாலும் கிட்டத்தட்ட அதே நேரம்தான். ஞாயிறு நாலு மணிக்கே கிளம்பி ஏழரைக்குள் வீட்டில் இருப்பது, அதற்கு மேல் வெளியே இல்லை என்று வீட்டில் வாக்குக் கொடுத்தாகிவிட்டது. மதுரைத் தங்கை சொன்னபடி தூக்கத்தை முதலில் சரிசெய்கிறேன்.

இலக்கு: டெல்லி, அடுத்த பிப்ரவரி. ஒரே மூச்சில் 3:10 என்று சொல்ல வாய் வரவில்லை.


ஈசிஆர்_காலை எழுதியது:

அப்போ செவ்வாய்க்கிழமை டிராக்குக்கு வருவீர்களா, மாட்டீர்களா? எங்களுக்கு ஓர் ஆள் குறையும்.


நேப்பியர்பாலம் எழுதியது:

வருவேன். ஆனால் கடைசி 400இல் உங்களைத் துரத்தமாட்டேன்.

(ஏப்ரல் கடைசியில் சேர்த்தது) வாரம் 62 வரை வந்திருக்கிறேன். காலில் வலி எதுவும் இல்லை. ஆனால் ஒரு சந்தேகம். பிப்ரவரியில் 6:10 ஓடியபோது இருந்த துடிப்பு இப்போது 6:40க்கே வருகிறது. காலை ஐந்து மணிக்கே 28 டிகிரி. பின்னால் போகிறேனோ என்று தோன்றுகிறது. நேற்று ஈஸி ரன்னில் வாட்ச் திடீரென்று 174 காட்டியது, பயந்து நின்றுவிட்டேன்.


கோவைக்காற்று எழுதியது:

பின்னால் போகவில்லை, மே மாதம் வருகிறது. சிங்கைவாசி சொன்னதை மறுபடி படியுங்கள். ஜூன் முடிய பேஸை வாட்சின் முதல் திரையிலிருந்தே எடுத்துவிடுங்கள். துடிப்பும் மூச்சும் மட்டும் பாருங்கள். 6:40 என்றால் 6:40, 7:00 என்றால் 7:00. தூரத்துக்குப் பதிலாக நேரத்தை எண்ணுங்கள்: ஒரு மணி பத்து நிமிடம் ஓட்டம், முடிந்தது.

174 என்பது பெரும்பாலும் உங்கள் துடிப்பு இல்லை, காலடி எண்ணிக்கை. மணிக்கட்டில் வெளிச்சம் அடித்து அளக்கும் வாட்ச்கள், பட்டை தளர்வாக இருந்து வியர்வையும் சேர்ந்தால், கையின் ஆட்டத்தைத் துடிப்பு என்று எடுத்துக்கொள்ளும். நிமிடத்துக்கு 170 சொச்சம் அடி வைக்கிறவருக்கு 170 சொச்சம் காட்டும். ஒரு மார்புப் பட்டை வாங்குங்கள். பட்டை கட்டியும் அப்படியே காட்டினாலோ, படபடப்பும் தலைச்சுற்றலும் இருந்தாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு இதய மருத்துவரிடம் போங்கள். 46 வயதில் தூரத்தைக் கூட்டுகிறவர் ஒருமுறை போய்ப் பார்ப்பது எப்படியும் நல்லது.

நாலு வாரத்துக்கு ஒரு வாரம் தூரத்தைக் கால் பங்கு குறைத்துவிடுங்கள். வாரம் இரண்டு நாள் படிக்கட்டில் நின்று கெண்டைக்கால் பயிற்சி, மூன்று செட், மெதுவாக இறங்கி ஏறவேண்டும். குதிகால் தசைநார் அதற்கு நன்றி சொல்லும்.

ஆகஸ்டில் ஒரு மழை பெய்த காலையாகப் பார்த்து டிராக்கில் 25 சுற்று ஓடுங்கள். 42 நிமிடத்துக்குள் வந்து, வாரத் தூரமும் 75ஐத் தொட்டிருந்தால் டெல்லியை 3:15க்குத் திட்டமிடலாம், கிலோமீட்டருக்கு 4:37. 43 வந்தால் 3:20 பேசர் பஸ்ஸோடு (அந்த நேரத்துக்கு வேகம் காட்டி ஓடுகிறவரும் அவர் பின்னால் போகும் கூட்டமும்) புறப்படுங்கள். 3:10 அடுத்த சீசனுக்கு. ஐம்பது வயதானால் தகுதி நேரமும் 3:20 ஆகிறது, அதையும் கணக்கில் வையுங்கள். எதுவானாலும் டெல்லியில் முதல் ஐந்து கிலோமீட்டர் திட்டத்தைவிட 5 விநாடி மெதுவாக. 1:40, 1:51 இனி வேண்டாம். ஆகஸ்ட் ஓட்டத்தின் சுற்று நேரம் எல்லாவற்றையும் இங்கேயே போடுங்கள், பார்த்துவிட்டு ஞாயிறு ஓட்டத்தை எப்படிப் பிரிப்பது என்று எழுதுகிறேன்.